மாத்திரை கிடைக்கிறது, விளக்கம் கிடைப்பதில்லை

பெங்களூரு:

உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்பவரிடம் "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், "பி.பி. மாத்திரை" என்ற பதில் உடனே வரும். அதன் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், ஒரு வேளை தவறிவிட்டால் என்ன செய்வது, அழுத்தம் சரியான அளவுக்கு இறங்கிவிட்டால் நிறுத்திவிடலாமா என்ற அடுத்த கேள்விகளுக்குப் பதில் அவ்வளவு எளிதில் வருவதில்லை. "சின்ன வெள்ளை மாத்திரை", "காலையில் ஒன்று" என்ற அளவில் பேச்சு நின்றுவிடுகிறது. ஆய்வாளர்கள் இதற்கு 'மருந்தறிவு' என்று பெயர் சூட்டி நோயாளிக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் குறைந்தால் பழி நோயாளியின் தலையில் விழுகிறது. அந்த அறிவை அவருக்கு வழங்கும் கடமை யாருக்கு இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மருத்துவத் துறையில் பெங்களூருவுக்கு இருக்கும் பெயர் சாதாரணமானதல்ல. நரம்பியலுக்கு நிம்ஹான்ஸ், இதய நோய்க்கு ஜெயதேவா, ஆராய்ச்சிக்குப் புனித ஜான் மருத்துவக் கல்லூரி என நாடறிந்த நிறுவனங்கள் இங்கு உள்ளன. பக்கவாதம் வந்தவரைக் காப்பாற்றவும், அடைபட்ட இதயக் குழாயைத் திறக்கவும் வல்ல நகரம் இது. அந்த நிலைக்கு வராமல் தடுக்கக்கூடிய சிறு மாத்திரையை, அதை விழுங்குபவருக்குப் புரியும் மொழியில் இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டில்தான் பெரும் ஓட்டை இருக்கிறது.

கே.ஜி. ஹள்ளி தரும் கணக்கு

நகரின் வடகிழக்குப் பகுதியில், நாகவாரா நோக்கிச் செல்லும் வழியில் காடுகொண்டனஹள்ளி இருக்கிறது. கே.ஜி. ஹள்ளி என்றால்தான் பலருக்குத் தெரியும். உருது, தமிழ், கன்னடம் பேசும் உழைப்பாளி மக்கள் நெருக்கமாக வாழும் வட்டாரம் இது. பெங்களூருவில் உள்ள பொதுச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் இங்கு நீண்டகால ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. 9,299 குடும்பங்களில், 44,514 பேரிடம் வீடுவீடாகச் சென்று விவரம் திரட்டப்பட்டது. உபேந்திர போஜானியும் உடன் பணியாற்றியவர்களும் 2012, 2013ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், ஏழைகளுக்கு இத்தகைய நோய்கள் வருவதில்லை என்ற பழைய எண்ணத்தை உடைத்தன. பெரியவர்களில் 13.8 சதவீதம் பேர் தங்களுக்கு நாட்பட்ட நோய் இருப்பதாகத் தெரிவித்திருந்தனர். அவற்றில் முதலிடம் உயர் ரத்த அழுத்தத்துக்கு, அடுத்தது நீரிழிவு.

நோய் இருப்பதாக அறிந்தவர்களின் கணக்கு மட்டுமே இது. அறியாதவர்கள் இதில் சேரவில்லை.

நாட்பட்ட நோய் இருப்பதாகத் தெரிவித்த குடும்பங்களில் சுமார் 70 சதவீதம், ஒரே மாதத்தில் புறநோயாளி சிகிச்சைக்காகக் கைக்காசு செலவழித்திருந்தன. 16 சதவீதக் குடும்பங்கள் தங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே கொடுத்திருந்தன. மருத்துவமனையில் படுத்துச் செய்துகொண்ட சிகிச்சையின் செலவு அல்ல இது. மாதாமாதம் மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்குவதற்கான செலவு. இப்படிக் கடன்பட்டும் வயிற்றைக் கட்டியும் வாங்கும் மருந்தைப் பற்றி வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தால், பணம் தட்டுப்படும் மாதத்தில் எதை நிறுத்துவது என்று அவரே முடிவு செய்வார். தலைவலியும் மயக்கமும் இல்லாதபோது ரத்த அழுத்த மாத்திரைதான் முதலில் நிறுத்தப்படும். அறிகுறி இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு என்று அவர் நினைப்பதில், அவருக்குத் தெரிந்த வரையில், தவறேதும் இல்லை.

நாடு முழுவதற்குமான நிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை காட்டுகிறது. இந்தியாவில் 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 18.8 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகவும், அவர்களில் 37 சதவீதம் பேருக்கே அது கண்டறியப்பட்டிருப்பதாகவும், 30 சதவீதம் பேர் சிகிச்சை பெறுவதாகவும், 15 சதவீதம் பேருக்கு மட்டுமே கட்டுக்குள் இருப்பதாகவும் அந்த அறிக்கை மதிப்பிட்டது. கண்டறியப்படாதவர்களைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. ஆனால் இந்த எண்களில் வேறொரு செய்தியும் இருக்கிறது. சிகிச்சை பெறுபவர்களிலேயே பாதிப் பேருக்கு அழுத்தம் கட்டுப்படவில்லை. மருத்துவரைப் பார்த்தவர்கள், சீட்டு வாங்கியவர்கள், மருந்துக்குப் பணமும் கொடுத்தவர்கள் இவர்கள்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

மருந்தின் அளவு போதாமை, மருத்துவர் அளவைக் கூட்டத் தயங்குவது, உணவில் உப்பு எனக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமை முக்கியமானது. வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட நோயாளிகளில் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி உட்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003லேயே கூறியது. இந்த ஒழுங்கின்மைக்கு விவரம் அறியாமையும் ஒரு காரணம்.

அம்லோடிபின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். இந்திய அரசுத் திட்டங்களில் பரவலாகத் தரப்படும் ரத்த அழுத்த மருந்து இது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும். சிலருக்குக் கணுக்கால் வீங்கும். இதை முன்னரே சொல்லியிருந்தால், வீக்கம் கண்டவர் மருத்துவரிடம் வருவார். அளவு குறைக்கப்படும் அல்லது மருந்து மாற்றப்படும். சொல்லாவிட்டால், 'மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது' என்று முடிவுகட்டி நிறுத்திவிடுவார். உண்மையில் சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத ரத்த அழுத்தம். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். காரணம் தெரியாதவர் இருமலுக்கு வேறு மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார். அட்டெனலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து நேரலாம். டெல்மிசார்டான், எனலாப்ரில் வகைகளைக் கருவுற்ற பெண்கள் உட்கொள்ளக் கூடாது. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், காலையில் விழுங்கிய ரத்த அழுத்த மருந்தின் வேலையை மாலைக்குள் கெடுத்துவிடக்கூடும்.

குளோர்தாலிடோன் போன்ற மருந்துகள் சிறுநீரை அதிகரிக்கச் செய்து அழுத்தத்தைக் குறைப்பவை. பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் அமரும் பெண்ணுக்கு இதன் பொருள் வேறு. மணிக்கு இத்தனை துண்டு என்ற இலக்கு தலைக்கு மேல் நிற்கும்போது கழிப்பறைக்கு எழுந்து செல்வது எளிதல்ல. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் தொழிலாளிகள் உண்டு. 'இந்த மாத்திரையால் முதல் சில நாட்கள் சிறுநீர் கூடுதலாகப் போகும். உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்ப எப்போது சாப்பிடலாம் என்று பார்ப்போம்' என்று பேசாமல் எழுதித் தரப்படும் சீட்டு, வேலை நாட்களில் பயன்படாது. அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாத்திரை சாப்பிட்டால், ஆய்வேட்டில் அதற்குப் பெயர் 'மருந்துக்கு இணங்காமை'.

விளக்கிச் சொல்ல மருத்துவருக்கு நேரம் எங்கே என்பது நியாயமான கேள்விதான். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் நேரம் ஏறத்தாழ 2 நிமிடம் என்றது. ஸ்வீடனில் அது 22 நிமிடத்துக்கு மேல். அந்த இரண்டு நிமிடத்தில் கை கட்டி அழுத்தம் பார்ப்பதா, பக்க விளைவு பற்றிப் பேசுவதா?

ஒரு மருந்து, ஊருக்கொரு பெயர்

மருத்துவர் சொல்லாததைச் சீட்டும் அட்டையும் சொல்லும் என்றால் அதுவும் இல்லை. அதே அம்லோடிபினைப் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட மைக்ரோ லேப்ஸ் 'அம்லாங்' என்று விற்கிறது. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்துக்கு அது 'ஸ்டாம்லோ', சிப்லாவுக்கு 'அம்லோபிரஸ்', மேன்கைண்டுக்கு 'அம்லோகைண்ட்'. இன்னும் பல. இரண்டு மருத்துவரிடம் செல்பவர் ஒரே மருந்தை இரண்டு பெயரில் வாங்கி இரண்டையும் விழுங்க நேரலாம். அட்டையைக் கத்தரித்து ஐந்து மாத்திரை மட்டும் வாங்குபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத துண்டு. மாதச் சம்பளம் வாங்குபவர் முழு அட்டை வாங்குகிறார். நாட்கூலி பெறுபவர்தான் துண்டு வாங்குகிறார் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த ஆபத்தை நாட்டின் உச்ச நீதிமன்றம் 2001லேயே கண்டுகொண்டது. காடிலா என்ற பெயர் கொண்ட இரு நிறுவனங்கள், ஒன்றுபோல ஒலிக்கும் இரு மலேரியா மருந்துப் பெயர்களுக்காக நடத்திய வழக்கு அது. மருந்துப் பெயர்க் குழப்பம் மற்ற பொருள்களின் பெயர்க் குழப்பம் போன்றதல்ல, உயிரோடு சம்பந்தப்பட்டது, ஆகவே கடுமையான அளவுகோல் வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. பல மொழிகள் பேசும், ஆங்கிலம் அறியாதோர் மிகுந்த நாடு இது என்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. நிறுவனங்களின் வணிகச் சின்னத் தகராறில்தான் நோயாளியின் மொழி நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது என்பது கசப்பான செய்தி.

மருந்தின் மூலப் பெயரை எழுத வேண்டும் என்ற விதியும் புதிதல்ல. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளில் அது உண்டு. 2016இல் அது திருத்தப்பட்டு, தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம், 2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி தண்டனைப் பிரிவுகளோடு புதிய விதிகளை வெளியிட்டது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. மூலப் பெயர் மருந்துகளின் தரத்துக்கு உத்தரவாதம் இல்லாதபோது, எந்த நிறுவனத்தின் மருந்தைத் தருவது என்ற முடிவு மருத்துவரிடமிருந்து கடைக்காரரிடம் போய்விடும் என்பது அதன் வாதம். வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. அதே மாதம் 23ஆம் தேதி விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. மூன்று வாரம்தான் அவை உயிரோடு இருந்தன.

அட்டையில் மூலப் பெயரை, வணிகப் பெயரைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு விதி திருத்தியது. அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில் கியூ.ஆர். குறியீடு வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் குறியீட்டுக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலைப் பார்த்தால் யாருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு என்பது விளங்கும். மூலப் பெயர், வணிகப் பெயர், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண். போலி மருந்தைப் பிடிக்க இது உதவும், உதவட்டும். எதற்கான மருந்து, எப்படிச் சாப்பிடுவது, எது நேர்ந்தால் மருத்துவரிடம் போவது என்ற மூன்று செய்திகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

எழுத்தா, பொருளா?

மொழிப் பிரச்சினையை அரசியல் தொடாமல் இல்லை. 2022 அக்டோபரில் போபாலில் இந்தி வழி மருத்துவப் பாடநூல்களை உள்துறை அமைச்சர் அமித் ஷா வெளியிட்டார். அதையொட்டி, அன்றைய மத்தியப் பிரதேச முதலமைச்சர் சிவராஜ் சிங் சௌகான், சீட்டின் தலையில் 'ஸ்ரீ ஹரி' என்று எழுதி, கீழே மருந்தின் பெயரை இந்தியில் எழுதலாமே என்று பேசினார். 2024 செப்டம்பரில் கன்னட வளர்ச்சி ஆணையத்தின் தலைவர் புருஷோத்தம பிளிமலே, அரசு மருத்துவர்கள் கன்னடத்தில் மருந்துச் சீட்டு எழுத வழிசெய்ய வேண்டும் என்று மாநிலச் சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவைக் கேட்டுக்கொண்டார்.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மாநில மொழியில் மக்களுக்குச் சேவை வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் விவாதம் முழுவதும் மருந்தின் பெயரை எந்த எழுத்தில் எழுதுவது என்பதைச் சுற்றியே நடந்தது. 'டெல்மிசார்டான் 40' என்பதைக் கன்னட எழுத்தில் எழுதினாலும், தேவநாகரியில் எழுதினாலும், அதன் பொருள் நோயாளிக்கு விளங்கப்போவதில்லை. விளங்க வேண்டியவை அதைச் சுற்றியுள்ள சொற்கள்: 'ரத்த அழுத்தத்துக்கு', 'தினமும் காலையில் ஒன்று', 'நன்றாக இருந்தாலும் நிறுத்த வேண்டாம்'. மருந்தின் பெயர் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். கடைக்காரர் பிழையின்றிப் படிக்க அது தேவை. மீதியை மக்கள் மொழியில் எழுதுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

மேலும், பெங்களூருவில் மக்கள் மொழி என்பது ஒன்றல்ல. கன்னடத்தோடு தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் பெரும் எண்ணிக்கையில் பல தலைமுறைகளாக வாழும் ஊர் இது. கட்டுமானப் பணிக்கும் காவல் பணிக்கும் வந்த ஒடியா, வங்காளி, இந்தி பேசும் தொழிலாளிகளும் சேர்ந்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எந்த மொழியும் பயன்படாது. சூரியன், நிலா படம் போட்டு வேளையைக் காட்டும் உறைகள் அவர்களுக்கு உதவும்.

படித்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் மூன்று நகரங்களில் 395 நோயாளிகளிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 'இரண்டு மாத்திரை, தினமும் இருவேளை' என்ற அறிவுறுத்தலை, குறைந்த எழுத்தறிவு கொண்டவர்களில் 71 சதவீதம் பேர் பிழையின்றிச் சொன்னார்கள். ஒரு நாளுக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணிக் காட்டச் சொன்னபோது, சரியாகக் காட்டியவர்கள் 35 சதவீதம். திருப்பிச் சொல்வது வேறு, புரிந்துகொள்வது வேறு. நோயாளி தலையாட்டியதைப் பார்த்து 'விளக்கியாயிற்று' என்று குறித்துக்கொள்ளும் மருத்துவமனைகள் கவனிக்க வேண்டிய எண் இது.

சட்டத்தில் இருக்கிறது

விளக்கிச் சொல்லும் கடமை சட்டப்படி ஒருவருக்கு ஏற்கெனவே உண்டு. அவர் மருந்தாளுநர். இந்திய மருந்தியல் கவுன்சில் 2015 ஜனவரியில் வெளியிட்ட மருந்தகப் பணி விதிகள், மருந்து வழங்கும்போது நோயாளியிடம் பேச வேண்டியவற்றைப் பட்டியலிடுகின்றன. மருந்தின் பெயர், அது எதற்கானது, எவ்வளவு, எப்போது, பக்க விளைவுகள், வேறு மருந்தோடு ஒத்துப்போகுமா, எப்படிச் சேமிப்பது, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்பவை அதில் அடங்கும். ஆய்வாளர்கள் நோயாளியிடம் கேட்டு மதிப்பெண் போடும் கேள்விகளும் ஏறக்குறைய இவையேதான். ஆனால் மதிப்பெண் போடப்படுவது கேட்பவருக்கு. சொல்லக் கடமைப்பட்டவருக்கு அல்ல.

மருந்துக் கடைகளின் நிலை நாடறிந்தது. மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்கும். கல்லாவுக்கு அருகே மருந்தை எடுத்துத் தருபவர் வேறொருவராக இருப்பார். சான்றிதழுக்கு உரியவர் இருந்தாலும், பேசுவதற்கு அவருக்கு ஊதியம் கிடையாது. மருந்து விற்றால்தான் வருமானம். மருந்தக விளக்கப் பயிற்சியில் கர்நாடகம் முன்னோடி மாநிலம் என்பது இதில் உள்ள முரண். 1990களின் பிற்பகுதியிலேயே மைசூரு ஜே.எஸ்.எஸ். கல்லூரி, நோயாளியோடு உரையாடும் மருந்தியல் பணிக்கு முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. 2008இல் ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பு நாட்டில் அறிமுகமானது. படித்து வருபவர்களுக்குப் பொது மருத்துவமனைகளில் உரிய பணியிடங்கள் உருவாகவில்லை.

தில்லி 2015இல் தொடங்கிய மொஹல்லா மருத்துவமனைகளின் வழியில், கர்நாடக அரசு 2022 டிசம்பரில் 'நம்ம கிளினிக்' திட்டத்தைத் தொடங்கியது. மாநிலத்துக்கு 438; அவற்றில் பெங்களூருவுக்கு வார்டுக்கு ஒன்று வீதம் 243. ஏழைகளின் வாசலுக்கு அருகே மருத்துவரைக் கொண்டுவந்த நல்ல முயற்சி அது. தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட பணியாளர்கள் மருத்துவர், செவிலியர், ஆய்வகப் பணியாளர், கடைநிலை ஊழியர் என நால்வர். இலவச மருந்து தருவதாகச் சொன்ன திட்டத்தின் அந்தப் பட்டியலில் மருந்தாளுநர் இல்லை.

மத்திய அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், மாநில அரசுகள் சேர்ந்து 2017இல் தொடங்கிய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி 2022இல் ஐ.நா. அமைப்பின் விருதைப் பெற்றது. எல்லோருக்கும் ஒரே எளிய மருந்து முறை, தடையற்ற இருப்பு, வீட்டுக்கு அருகே சிகிச்சை, நோயாளிக்கு அட்டை என்று அது உண்மையிலேயே சாதித்திருக்கிறது. எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது, எத்தனை பேர் அடுத்த மாதம் வரவில்லை என்பவை அதன் முக்கியக் கணக்குகள். வராதவர் ஏன் வரவில்லை, கொடுத்த மருந்தைப் பற்றி அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்பது அந்தக் கணக்கில் வராது.

பேசினால் பலன் உண்டா?

உண்டு என்பதற்குச் சான்று பெங்களூருவிலிருந்தே வந்தது. புனித ஜான் ஆராய்ச்சி நிறுவனத்தின் டெனிஸ் சேவியர் தலைமையில், நாட்டின் 14 மருத்துவமனைகளில் மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பிய 806 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் தொடர்ந்து சந்தித்தனர். மருந்து எதற்கு, விட்டால் என்ன ஆகும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்கள், வீட்டுக்கும் சென்றார்கள். ஓராண்டு முடிவில் அந்தப் பிரிவில் 97 சதவீதம் பேர் மருந்தை ஒழுங்காக உட்கொண்டனர். மற்ற பிரிவில் 92 சதவீதம். ரத்த அழுத்தமும் முதல் பிரிவில் குறைவாக இருந்தது. 2016இல் வெளியான இந்த ஆய்வில் பேசியவர்கள் மருத்துவர்கள் அல்லர் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மருந்தையே எளிதாக்குவது இன்னொரு வழி. பல மருந்துகளை ஒரே குளிகையில் அடைக்கும் 'பாலிகேப்' ஆய்வும், 50 மையங்களில் 2,053 பேரிடம், புனித ஜான் கல்லூரியின் ஒருங்கிணைப்பில் நடந்து 2009இல் வெளியானது. இலங்கையில் 700 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்த ஒரே மாத்திரையை உட்கொண்டவர்களில் 70 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் அழுத்தம் இலக்கை எட்டியது. வழக்கமான சிகிச்சையில் அது 55 சதவீதம். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே என்றால் சுமை குறைகிறது.

அந்த ஒன்றும் மாறாமல் இருக்க வேண்டும். நிறத்தையும் வடிவத்தையும் கொண்டே மக்கள் மாத்திரையை அடையாளம் காண்கிறார்கள். அமெரிக்காவில் மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு, மாத்திரையின் நிறம் மாறினால் மருந்தை விட்டுவிடும் வாய்ப்பு 34 சதவீதமும், வடிவம் மாறினால் 66 சதவீதமும் கூடுவதாகக் கண்டது. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தப்புள்ளி மாறும்போதெல்லாம் நிறுவனம் மாறுகிறது. மாத்திரையின் தோற்றமும் மாறுகிறது. 'இது அதே மருந்துதான்' என்று ஒரு வரி சொல்வதற்குக் கொள்முதல் ஒப்பந்தத்தில் இடமில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் சாளரத்தின் பின்னால் நூறு பேருக்கு மருந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.

வாசலுக்கு வரும் மருந்து

தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதலமைச்சராக இருந்து மு.க. ஸ்டாலின் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கி வைத்த இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி. பெங்களூருவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீடுதேடிச் சென்று அழுத்தம் பார்த்து மருந்து தருகிறார்கள். 2024இல் அத்திட்டமும் ஐ.நா. விருது பெற்றது. அதே 2024 அக்டோபரில் கர்நாடகம் கோலாரில் 'கிருக ஆரோக்கிய' திட்டத்தைத் தொடங்கி, வீடுவீடாகப் பரிசோதனையையும் மருந்தையும் கொண்டுசெல்ல முற்பட்டது.

மருந்தை வாசலில் தருபவர் தெருவில் அறிமுகமான பெண், வீட்டின் மொழி பேசுபவர், அவசரமின்றி உட்காரக்கூடியவர். விளக்கிச் சொல்வதற்கு இவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். ஆனால் அவர் எந்த நிலையில் இருக்கிறார்? 2025 ஜனவரியில் கர்நாடகத்தின் ஆஷா பணியாளர்கள் பெங்களூரு சுதந்திரப் பூங்காவில் நான்கு நாட்கள் போராடினார்கள். மாதம் 15,000 ரூபாய் கேட்டவர்களுக்கு 10,000 ரூபாய் உறுதி தருவதாக முதலமைச்சர் சித்தராமையா ஒப்புக்கொண்ட பின் கலைந்தார்கள். தாய் சேய் நலம், தடுப்பூசி, காசநோய், கணக்கெடுப்பு என்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை உள்ளவர்கள். அம்லோடிபினையும் டெல்மிசார்டானையும் பற்றிப் பிறருக்குச் சொல்ல வேண்டுமானால், அவர்களுக்குப் பயிற்சியும் வேண்டும், அந்த நேரத்துக்கு ஊதியமும் வேண்டும்.

எல்லையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஓசூரில் வீடும் பெங்களூருவில் வேலையுமாக நாள்தோறும் சென்று வருபவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களில் ஒருவருக்குத் தமிழ்நாடு அரசின் மருந்து வீட்டு வாசலில் கிடைக்கும். வேலையிடத்துக்கு அருகே உள்ள தனியார் மருத்துவர் வேறு பெயரில் வேறொரு சீட்டு எழுதித் தருவார். இரண்டும் ஒரே மருந்தாக இருக்கக்கூடும். நோயாளியின் விவரங்களை நாடு முழுவதும் இணைப்பதற்கென 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் தொடங்கப்பட்டது. அட்டிபெலே சோதனைச் சாவடியைக் கடக்கும் தொழிலாளியின் பையில் இருப்பது ஒரு பெயரில்லாத துண்டு அட்டையும், மடித்து மடித்துக் கிழிந்த ஒரு சீட்டும்தான்.